பக்கத்து அறைக்குப் போன பீரோ

கொழுந்தன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அன்று மூத்தவள் உண்மையாகவே அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓரகத்தியைக் கட்டிக்கொண்டு, பார்த்தவர்கள் யார் பெண்டாட்டி என்று குழம்பிப்போகும் அளவுக்கு அழுதாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருகிற எதுவும் அவளுக்கு இவ்வளவு பெருமை சேர்ப்பதாக இல்லை.

விழுந்த கொழுந்தன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவன். இனிமேல் ஏணி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து, அதையே காரணமாக வைத்து, ஏழைக் குழந்தைகளைத் தத்தெடுத்துப் படிக்க வைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று அவன் மகளைச் சேர்த்துக்கொண்டது. தத்து என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதில்லை. கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு தம்பதி மாதாமாதம் பணம் அனுப்புவார்கள். இங்கே குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம், காலணி, புத்தகப் பை, வருடத்துக்கு ஒரு தடவை டாக்டர், சாயங்காலம் நிறுவனத்தின் மையத்தில் பாடம், பாடம் முடிந்ததும் அவித்த முட்டை.

செய்தி வந்த அன்று மூத்தவள் தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் ஒரு கிடங்கில் காவலாளி. பகல் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உத்தியோகம்.

"உங்க தம்பிக்கு விழறதுக்கு மூணு மாடி இருந்துச்சு. உங்களுக்கு என்ன இருக்கு? நாற்காலி."

"வேணும்னா அதுல இருந்து விழறேன்."

"விழுந்தா முட்டி சிராயும். சிராய்ச்ச முட்டிக்கு எந்த நாட்டுக்காரன் பணம் அனுப்புவான்?"

அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டும் நீளமான ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் பூண்டு உரித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். மூத்தவள் அறையிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தாள். இளையவள் மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டு இஸ்திரி போட்டாள். இருவருக்கும் ஒரே வயதில் ஆளுக்கொரு பெண். மூத்தவள் மகள் விழித்தது முதல் தூங்கும்வரை பேசுவதால் ரேடியோ. இளையவள் மகள் குருவி. பேசவே பேசாது, கொத்திக் கொத்திச் சாப்பிடும்.

அந்தக் குருவிதான் இப்போது புதுக் காலணியின் சத்தத்தோடு மாடிப்படி ஏறிற்று. மூத்தவள் மெஷினை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சாயங்காலம் குருவி ஏப்பம் விட்டாலும் சுவர் வழியாகக் கேட்டது. "முட்டை ஏப்பம்" என்று மூத்தவள் சீருடைக் காலரிடம் சொன்னாள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். மையத்துக்கு வந்த கண் டாக்டர், குருவிக்குக் கரும்பலகை தெரியவே இல்லை என்று கண்டுபிடித்தார். மக்கு என்று வாத்தியார்கள் கடைசி பெஞ்சில் தள்ளிய பெண் கண்ணாடி மாட்டிய பிறகு வந்த முதல் பரீட்சையிலேயே முன்னுக்கு வந்தது. இளையவள் இஸ்திரி மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். மூத்தவளும் சந்தோஷப்பட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளே ரேடியோவை இழுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள். எழுத்துகளையெல்லாம் தப்பாகப் படிக்கச் சொல்லித்தான் கூட்டிப்போனாள். ரேடியோவோ பலகையில் இருந்த எழுத்துகளை முடித்துவிட்டு, அடியில் அச்சகத்தின் முகவரி இருந்ததே, அதையும் சேர்த்துப் படித்துக் காட்டினாள். பெற்ற பெண்ணுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று ஒரு தாய் கண் கலங்கியதை அந்த டாக்டர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

ரேடியோவையும் சேர்க்கச் சொல்லி மூத்தவள் கேட்காமல் இல்லை. நிறுவனத்தின் களப்பணிப் பெண் வீடு பார்க்க வந்தாள். எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும், செருப்பு தேய்ந்த, சிரித்த முகமான பெண். அறைக்குள் வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

"பீரோ இருக்கே அக்கா."

"பீரோ இருந்தா பணக்காரியா? திறந்து பாருங்க மிஸ், உள்ள ஊரார் துணி."

"எனக்குப் புரியுது. ஆபீஸ்ல பீரோன்னாலே முடியாதுன்னு தலையாட்டுவாங்க."

அந்த பீரோவை மூத்தவள் எத்தனையோ கழுத்துப்பட்டி தைத்து வாங்கினாள். கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதன் மூலையில் ரேடியோ பந்தடித்து உண்டாக்கிய விரிசலுக்கு மேல் மஞ்சள் பூ ஒன்றை ஒட்டியிருந்தாள். நேற்றுவரை அந்த மாடியிலேயே பெரிய கௌரவம் அதுதான். இன்று அது மகளின் படிப்புக்குக் குறுக்கே நின்றது.

அப்போதுதான் மிஸ் இன்னொரு செய்தி கொண்டு வந்தாள். குருவிக்குப் பணம் அனுப்பும் தம்பதி நேரிலேயே வருகிறார்கள். இன்னொரு குழந்தைக்கும் இடம் இருக்கிறது; ரேடியோவின் பெயரையும் கொடுத்திருக்கிறாள். குருவியை மையத்தில் பார்த்துவிடுவார்கள். வீட்டுக்கு வருவதென்றால் புதிதாகச் சேரப்போகும் குழந்தையின் வீட்டுக்கு மட்டும்தான்.

மூத்தவள் தன் அறையைச் சுற்றிப் பார்த்தாள். இத்தனை சாமான் சேர்த்துவிட்டோமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டாள். பிறகு சுவரைத் தட்டினாள்.

"ஏண்டி, ரெண்டு நாளைக்கு உன் ரூம்ல கொஞ்சம் சாமான் வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கங்க அக்கா. ரேடியோவுக்கும் கிடைச்சா நல்லதுதானே" என்றது சுவர்.

இந்த மாதிரிப் பதில்தான் மூத்தவளுக்கு எரியும். ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

கொஞ்சம் சாமான் என்பது டிவியில் தொடங்கியது. பிறகு மின்விசிறி, குக்கர், பிளாஸ்டிக் நாற்காலிகள், தையல் மெஷின். அண்ணனும் பக்கத்து அறைக்காரர்களும் சேர்ந்து பீரோவைத் தள்ளியபோது பாயில் படுத்திருந்த கொழுந்தன் காலை மடக்கிக்கொண்டான்.

"என்ன அண்ணி, எங்க வீடு கிடங்கா?"

"கிடங்குன்னா சொல்லு, நானே காவலுக்கு உட்கார்ந்துக்கறேன்" என்றார் அண்ணன். அந்த மாடியில் அன்று சிரித்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

மூத்தவளுக்குப் போதும் என்று தோன்றவே இல்லை. காலண்டரைக் கழற்றினாள். ஆணியையும் பிடுங்கினாள். கடைசியில் ஒரு பாய், ஒரு பானை, ஒரு ரேடியோ.

"அவங்க வந்தா வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே, தச்சுடுவேன்." தையல்காரி சொன்னால் பயப்படத்தான் வேண்டும். ரேடியோ உதட்டை மடித்துக்கொண்டாள்.

வந்தார்கள். அகலத் தொப்பி போட்ட ஓர் அம்மாள், எங்கே தலை இடிக்குமோ என்று குனிந்தே நடந்த அவள் கணவர், கழுத்தில் கேமராவோடு நிறுவனத்தின் மேலாளர், பின்னால் மிஸ். மேலாளருக்குத் தாய்மார்கள் வைத்த பெயர் மாற்றம் சார். குடிநீர்க் குழாயைத் திறந்து வைத்தாலும் மாற்றம் என்பார், குழாய் நின்றுபோனாலும் மாற்றத்தின் சவால் என்பார். தொப்பியம்மாள் தன் மொழியில் நீளமாக ஏதோ பேசுவாள். மாற்றம் சார் அதை "சந்தோஷம்ங்கறாங்க" என்று சுருக்குவார். இளையவள் "வாங்க" என்று சொன்னதை எடுத்துக்கொண்டு அவர் பேசி முடிக்கும்போது தொப்பியம்மாள் கண்ணைத் துடைப்பாள்.

மையத்தில் குருவியைக் கட்டிக்கொண்ட தொப்பியம்மாள் திடீரென்று, இந்தக் குழந்தை தூங்குகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். திட்டத்தில் அது இல்லை. ஆனால் மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களிடம் திட்டத்தைப் பற்றிப் பேச முடியுமா? ஊர்வலம் மாடிப்படி ஏறியது.

மூத்தவள் தன் வாசலில், இரண்டு நாள் ஒத்திகை பார்த்த சோகத்தோடு நின்றாள். ஊர்வலம் அவளைத் தாண்டிப் பக்கத்து அறைக்குள் போயிற்று. ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினாள்.

உள்ளே நிற்க இடமில்லை. இரண்டு மின்விசிறி, இரண்டு குக்கர், டிவி, அடுக்கிய நாற்காலிகள், தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் பின்னால் ராஜா மாதிரி பீரோ. தொப்பியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். மாற்றம் சார் பீரோவை மேலும் கீழும் பார்த்தார். பாவம், பல வருடமாக மேடைக்கு மேடை மாற்றம் மாற்றம் என்று சொல்லி வந்தாரே தவிர, அது இப்படி முழுசாக, கண்ணாடி வைத்த கதவோடு எதிரில் வந்து நிற்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. மெதுவாக அவர் முகம் ஒளிவிட்டது.

"இதெல்லாம் நீங்க சேர்த்ததாம்மா?"

இளையவள் வாசலைப் பார்த்தாள். வாசலில் மூத்தவள். "என்னுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரேடியோவின் இடம் போய்விடும், அவ்வளவுதான். மூத்தவள் கூரையைப் பார்த்தாள். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதைத் தத்தெடுக்கப் போகிறவள் மாதிரி உற்றுப் பார்த்தாள்.

"எல்லாம் எங்க குடும்பத்துச் சாமான்தான் சார்" என்றாள் இளையவள்.

மெஷினில் உட்காரச் சொன்னார்கள். இஸ்திரிப் பெட்டியைத் தவிர எதையும் ஓட்டியறியாத இளையவள் உட்கார்ந்து மிதித்தாள். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். கேமரா மின்னியது. பாயில் படுத்திருந்த கொழுந்தன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். வலி என்று நினைத்திருப்பார்கள்.

கைதட்டல் மாற்றம் சாரின் தலைக்கு ஏறிவிட்டது. "இனிமே இந்தக் குடும்பத்துக்கு யார் கையும் தேவையில்லை!" என்று இரண்டு மொழியிலும் முழங்கினார். தொப்பியம்மாள் ஆனந்தமாக அழுதாள். கணவர் குனிந்தபடியே நியாயமான ஒரு கேள்வி கேட்டார். அப்படியென்றால் இவர்களுக்கு அனுப்பும் பணத்தை, நிஜமாகவே வசதி இல்லாத வேறு குழந்தைக்கு அனுப்பலாமே?  முழங்கியதை எப்படித் திரும்ப விழுங்குவது? மாற்றம் சார் சரி என்று தலையாட்டினார். மிஸ் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி அடக்கினார்.

அடுத்த கதவுதான் மூத்தவள் அறை. ஒரு பாய், ஒரு பானை, ஆணி பிடுங்கிய ஓட்டை, நடுவில் உதட்டை மடித்துக்கொண்டு ஒரு குழந்தை. தொப்பியம்மாள் மண்டியிட்டுப் பெயர் கேட்டாள். குழந்தை பேசவில்லை. மறுபடி கேட்டாள். ரேடியோ அம்மாவின் ஊசியை நினைத்து இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். ஐயோ, வாயும் பேசாதா? இந்தத் தடவை கணவருக்கும் கண்ணீர் வந்தது. ரேடியோ சேர்ந்துவிட்டாள். குருவிக்கு இந்தப் பருவத்தோடு சரி.

அன்று சாயங்காலமே சாமான் திரும்பி வந்தது. குக்கரைத் துலக்கித் துடைத்துக் கொடுத்தாள் இளையவள். "நூல்கண்டு ஒண்ணு பீரோவுக்கு அடியில உருண்டு கிடந்துச்சு அக்கா" என்று அதையும் கையில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மூத்தவளும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

"நான் என்னடி பண்ணேன்? அந்த ஆளுதான் பேசிட்டுப் போனான்!"

"யாரு அக்கா உங்களை என்ன சொன்னா?"

ரேடியோ மையத்துக்குப் போனாள். வாய் பேசாத குழந்தை முதல் நாளே மையத்தில் எல்லோரையும் பேசவிடாமல் செய்ததைச் சிகிச்சையின் வெற்றி என்று மாற்றம் சார் எழுதி அனுப்பியதாகக் கேள்வி. மூத்தவள் ஆசைப்பட்ட ஏப்பம் இப்போது இந்தப் பக்கமே கேட்டது. குருவி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தது. கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய், நூலால் கட்டியிருந்தது. தன் நூல்தான் என்று மூத்தவள் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். 'பாவம்தான்' என்று நினைத்தாள். நினைத்துவிட்டு மெஷினை மிதித்தாள்.

இப்படியே போயிருக்கும், தாய்மார் கூட்டம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

கூட்ட அறையின் சுவரில் கதவு அளவுக்கு ஒரு போஸ்டர். இடது பக்கம் 'முன்பு': வெற்று அறை, பானை, வாய் கோணிய மூத்தவள். வலது பக்கம் 'இன்று': தையல் மெஷினில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் இளையவள், பின்னால் பீரோ, கண்ணாடியின் மூலையில் மஞ்சள் பூ. கீழே, இரண்டும் ஒருத்திதான் என்பதுபோல, கொட்டை எழுத்தில், 'ஒரு தாய். ஒரு தையல் இயந்திரம். ஒரு மாற்றம்.'

"என்னமா சேர்த்திருக்கா பாரு! இஸ்திரி போட்டே இத்தனையா?" என்றாள் ஒரு தாய்.

"சமத்து. மூத்தவளும் அதே வீடுதானே? ஒரு நாற்காலிகூட இல்லையே, எல்லாத்தையும் தின்னே தீர்த்தாளா?"

காய்கறிக்காரி மூத்தவளின் தோளைத் தொட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. என்கிட்ட பழைய புடவை ரெண்டு இருக்கு. கிழியல. அனுப்பட்டுமா?"

 மூத்தவள் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோவின் இடத்துக்காக எதையும் தாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தால் இடம் போய்விடும். ரேடியோ மாதிரியே உதட்டை மடித்துக்கொண்டாள்.

மாற்றம் சார் இளையவளை மேடைக்குக் கூப்பிட்டார். சிக்கனத்தைப் பற்றித் தாய்மார்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். இளையவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கூச்சப்படாதீங்கம்மா. எப்படிப் படிப்படியா சேர்த்தீங்க? முதல்ல என்ன வாங்கினீங்க?"

இளையவள் போஸ்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "முதல்ல... பீரோ..."

"எது, பீரோவா?"

கத்தியது யார் என்று எல்லோரும் திரும்பினார்கள். மூத்தவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"குக்கர்தாண்டி முதல்ல! குக்கர், அப்புறம் மெஷின், அப்புறம் ஃபேன். பீரோ கடைசியா வந்தது! மெஷின் இல்லாம பீரோ எங்கேருந்து வரும்? நாலு வருஷம் கண்ணு எரிய எரிய தச்சு வாங்கினது நான். கண்ணாடியில பூ ஒட்டினதும் நான். வந்து உட்கார்ந்து பின்பக்கமா மிதிச்சுட்டுப் போனவ முதல்ல பீரோங்கறா!"

தாய்மார்கள் போஸ்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று மூத்தவளுக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் ரேடியோ முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக வாயை மூடியிருந்தாள்.

மேலாளர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாற்றம் சார் ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு தடவை குடித்தார்.

"ரெண்டு பேரையும் நீக்கணும். விதி அப்படி."

"நீக்குங்க சார்" என்றாள் மூத்தவள்.  "என் பொண்ணை நீக்குங்க. சாமானைத் தூக்கி வெச்சது நான். அவ சும்மா இடம் கொடுத்தவ. குருவியை எடுத்துக்கங்க."

அப்படிச் சொல்லும்போதும் அவளுக்கு இளையவள் மேல் கோபமாகத்தான் இருந்தது. சும்மா இடம் கொடுத்தவள் என்ற பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போகிறாளே.

மிஸ் முன்னால் வந்தாள். "சார், போன வருஷம் நான்தான் ரெண்டு வீட்டையும் பார்த்தேன். ஒரு வீட்ல படுத்த மனுஷன், ஒரு இஸ்திரிப் பெட்டி. இன்னொரு வீட்ல பீரோ இருக்கு, உள்ள ஊரார் துணி. ரெண்டு குழந்தைக்கும் வேணும். உள்ளதைச் சொல்லியே கேக்கலாம்."

"போஸ்டர் எல்லா நாட்டுக்கும் போயிடுச்சும்மா!"

"அப்ப இவங்களை நீக்கினா ஏன் நீக்கினோம்னு எல்லா நாட்டுக்கும் சொல்லணும் சார்."

மாற்றம் சார் மேஜையில் இருந்த போஸ்டரின் சிறிய பிரதியைப் பார்த்தார். கடைசியில் ரேடியோ அப்படியே இருக்கட்டும் என்றார். குருவிக்கு வேறு ஒரு நாட்டில் வேறு ஒருவரைப் பார்ப்பதாகச் சொன்னார். கண்ணாடியை நாளைக்கே சரிசெய்துவிட வேண்டும். மாற்றம் என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லாமல் அவர் செய்த முதல் மாற்றம் அது.

"போஸ்டர் சார்?" என்றாள் மூத்தவள்.

"அது இருக்கட்டும்."

"அது என் பீரோ சார்."

"அது பீரோ இல்லம்மா. அது ஒரு கருத்து."

மறுநாள் மிஸ் வந்து குருவியை அதன் சொந்த அறையில், இருப்பதை இருந்தபடியே படம் எடுத்துக்கொண்டு போனாள். எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

மூத்தவள் அன்று வேலையை விட்டுவிட்டு மெஷினைத் திருப்பி பீரோவுக்கு முன்னால் போட்டாள். உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள். கழுத்தை நீட்டினாள். கண்ணாடியில் பார்த்தாள். போஸ்டரில் இருந்த மாதிரி வரவில்லை.

"என்ன, இடுப்பு வலியா?" என்றார் புருஷன்.

அவள் சுவரைத் தட்டினாள். "ஏண்டி, இங்க வா."

இளையவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தைக்கத் தெரியாதவ மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கே. எனக்கு வரமாட்டேங்குது. அன்னிக்கு எப்படிடி உட்கார்ந்தே?"

இளையவள் யோசித்தாள். "தெரியல அக்கா. உங்களையே பாத்துட்டு இருந்தேன். என்னுதுன்னு சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு. பயத்துல முதுகு தானா நிமிர்ந்துடுச்சு."

சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டாள்.

மூத்தவள் மெஷினைப் பழையபடி சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். சீருடை ஒன்றை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். போகவில்லை. நூல் நுனியை நனைத்து மறுபடி பார்த்தாள். போகவில்லை.

தரையில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த ரேடியோ கேட்டாள்:

"அம்மா, உன்னை அந்தக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகட்டுமா?"